பிரேக்குக்கும் வேண்டுமா அப்கிரேடு? அப்பாவின் மாருதி சொல்லித் தந்த கம்ப்யூட்டர் பாடம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி, "ராம் கூடுதலாகப் போட்டால் வேகம் வருமா?" என்பதுதான். நான் திருப்பி ஒரு கேள்வி கேட்பேன்: "இப்போது உங்கள் கம்ப்யூட்டர் எந்த இடத்தில் தாமதமாகிறது என்று பார்த்தீர்களா?" பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். தடை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பாகம் வாங்குவது பணத்தைத் தண்ணீரில் போடுவதற்குச் சமம். இதைப் பலருக்கும் சொல்லியிருக்கிறேன். ஆனால் எங்கள் வீட்டுக் காரின் பிரேக் விஷயத்தில் அதே தவறை நானே செய்தேன். கம்ப்யூட்டர் பத்திரிகையில் கார் எதற்கு என்று நினைக்க வேண்டாம். இந்தக் கதையில் தேடல், ஆன்லைன் ஷாப்பிங், ஒர்க்ஷீட், மொபைல் அப்ளிகேஷன் எல்லாமே வருகின்றன.

வம்பன் நால்ரோட்டில் ஒரு மாலை

எங்கள் ஊர் புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி. அப்பா அங்கே உரக்கடை வைத்திருக்கிறார். நான் சென்னையில் சாப்ட்வேர் இன்ஜினீயர். வீட்டில் இருப்பது 2006-ம் வருட மாருதி 800. பதினைந்து வருடம் முடிந்ததும் 2021-ல் ஆர்.சி.யைப் புதுப்பித்து ஓட்டி வருகிறோம். அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆன பிறகு வாரம் ஒரு முறை புதுக்கோட்டைக்குப் பிசியோதெரபிக்கு அழைத்துப் போக வேண்டும். சுமார் 20 கி.மீ. தூரம். வண்டிக்கு வேலை அவ்வளவுதான்.

2024 நவம்பரில் ஒரு மழை மாலை. அம்மாவை அழைத்துக்கொண்டு அப்பா திரும்பி வருகிறார். வம்பன் நால்ரோடு தாண்டியதும் சைக்கிளில் ஒரு பையன் குறுக்கே வந்திருக்கிறான். அப்பா பிரேக்கை அழுத்தியிருக்கிறார். பெடல் கொஞ்சம் உள்ளே போய், வண்டி வழுக்கிக்கொண்டே போய், பையனைத் தாண்டி ரோட்டோர மண்ணில் இறங்கி நின்றிருக்கிறது. பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் சைக்கிளின் பின் மட்கார்டு மட்டும் வளைந்துவிட்டது.

இரவு போனில் அப்பா ஒரே வரிதான் சொன்னார். "வண்டி நிக்கல தம்பி. இனிமே அம்மாவ பஸ்ஸுலயே கூட்டிட்டுப் போயிக்கிறேன்."

முழங்கால் மடக்க முடியாத அம்மா பஸ் படியில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். அன்று இரவே லேப்டாப்பைத் திறந்து, மாருதி 800 பிரேக் அப்கிரேடு என்று டைப் செய்து என்டர் தட்டினேன். தவறு அங்கேதான் ஆரம்பித்தது.

தேடல் தந்ததும் நான் வாங்கியதும்

தேடல் முடிவுகளில் துளையிட்ட டிஸ்க், பெரிய காலிப்பர், பந்தயப் பேடு, எல்லாம் சேர்ந்த கிட் என்று வரிசையாக வந்தன. "40 சதவீதம் விரைவாக நிற்கும்" என்று ஒரு விளம்பரம். எதை ஒப்பிட்டு 40 சதவீதம் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. கிட்டின் விலை பதினெட்டாயிரம் ரூபாய். அதைக் கார்ட்டில் போட்டு வைத்துவிட்டு, முதலில் முன் சக்கரத்துக்கான பேடுகளை மட்டும் ஆர்டர் செய்தேன். கார் மாடலின் பெயரைக் கொடுத்துத் தேடினேன், மலிவாகவும் ஐந்து நட்சத்திரத்துடனும் இருந்ததை வாங்கினேன். மூன்றே நிமிட வேலை.

ஒரு காரியத்தை மட்டும் சரியாகச் செய்தேன். புதிய பாகத்தை மாட்டுவதற்கு முன்னால் பழைய நிலையை அளந்து வைக்க வேண்டும் என்று தோன்றியது. ஒரு புரோகிராமை வேகப்படுத்துவதற்கு முன்னால், இப்போது எத்தனை நொடி எடுக்கிறது என்று குறித்து வைப்பது எங்கள் தொழிலில் வழக்கம். அந்தப் பழக்கம் இங்கே கைகொடுத்தது.

மொபைலே அளவுகோல்

உங்கள் மொபைல் போனில் ஆக்சிலரோமீட்டர் என்ற சென்சார் இருக்கிறது. போனைத் திருப்பினால் திரையும் திரும்புவது இதன் உதவியால்தான். இந்தச் சென்சார் தரும் எண்களை எடுத்துக் காட்ட பைபாக்ஸ் என்ற இலவச அப்ளிகேஷன் உள்ளது. ஜெர்மனியின் ஆகன் நகரில் உள்ள ஆர்.டபிள்யூ.டி.எச். பல்கலைக்கழகத்தார் இயற்பியல் பரிசோதனைகளுக்காக உருவாக்கியது. இதில் புவியீர்ப்பு நீக்கிய ஆக்சிலரேஷன் என்ற பிரிவைத் தேர்ந்தெடுத்து, போனை டேஷ்போர்டில் ஆடாமல் ஒட்டி வைத்து, பிளே பட்டனைத் தட்டினால் போதும். வண்டி எவ்வளவு வேகமாக வேகத்தை இழக்கிறது என்பது வரைபடமாக வரும். முடிந்ததும் எக்ஸ்போர்ட் கொடுத்தால் எக்செல் பைலாகவோ, சி.எஸ்.வி. பைலாகவோ கிடைக்கும். அதை மெயிலில் அனுப்பி உங்கள் கம்ப்யூட்டரில் திறந்துகொள்ளலாம்.

ரோட்டில் இந்தப் பரிசோதனையைச் செய்யக் கூடாது. தெரிந்தவர் ஒருவரின் அரிசி ஆலையில் நெல் காயப்போடும் சிமென்ட் களம் நீளமாக இருந்தது. அனுமதி வாங்கி, காலையில் யாரும் இல்லாத நேரத்தில் போனோம். சாக்பீசால் ஒரு கோடு போட்டு, 30 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டில் பிரேக் அழுத்தினேன். ஐந்து முறை செய்து சராசரி எடுத்தேன். மொபைல் காட்டியது நொடிக்கு நொடி 4.6 மீட்டர் வேகக் குறைவு. டேப் வைத்து அளந்தபோது ஏறக்குறைய ஏழரை மீட்டரில் வண்டி நின்றது. இரண்டு அளவும் ஒத்துப்போனதால் மொபைலை நம்பலாம் என்று தெரிந்தது.

ஒரு எச்சரிக்கை. பெடல் உள்ளே போகும் வண்டியை நான் இப்படி ஓட்டிப் பார்த்திருக்கவே கூடாது. ஏன் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

மெக்கானிக் அண்ணன் கேட்ட கேள்வி

கூரியரில் வந்த பேடுகளை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். லேப்டாப்பில் அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் கிட்டையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தார்.

"டிஸ்க்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. இத எந்த வீலுக்குள்ள மாட்டப் போறீங்க?"

எனக்குச் சுருக்கென்றது. மாருதி 800-ன் சக்கரம் 12 அங்குலம்தான். பெரிய டிஸ்க்கும் காலிப்பரும் அதற்குள் உட்காராது. சக்கரத்தைப் பெரிதாக்கினால் டயர் மாறும், ஸ்பீடாமீட்டர் தவறாகக் காட்டும், சஸ்பென்ஷனில் உரசும். சின்ன கேபினட்டுக்குள் நீளமான கிராபிக்ஸ் கார்டை வாங்கி வைத்துக்கொண்டு விழிப்பது போலத்தான் இதுவும். அந்தக் கார்டு உள்ளே போனாலும் எஸ்.எம்.பி.எஸ். அதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டுமே!

அடுத்து நான் வாங்கிய பேடுகளைப் பழைய பேடுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய பேடின் ஓரத்தில் தயாரிப்பு எண்ணும் எழுத்துகளும் அச்சாகியிருந்தன. புதியதில் ஒன்றும் இல்லை. அட்டைப் பெட்டியில் ஆங்கில எழுத்துப் பிழை வேறு. பெட்டியில் இருந்த பார்ட் நம்பரை அங்கேயே லேப்டாப்பில் தேடிப் பார்த்தேன். அது வேறொரு காருக்கான எண்! பின்தகடு காலிப்பரில் சரியாகப் படியவில்லை. "இத மாட்டுனா முதல் மழைக்கே வேலையக் காட்டிரும்" என்று சொல்லி ஒதுக்கி வைத்தார்.

பிறகு நான்கு சக்கரங்களையும் கழற்றினார். பின் இடது டிரம் உள்ளே ஈரமாக இருந்தது. வீல் சிலிண்டரில் ரப்பர் தேய்ந்து பிரேக் ஆயில் கசிந்துகொண்டிருந்தது. குறைந்த ஆயிலை அப்பா அவ்வப்போது ஊற்றி நிரப்பி வந்திருக்கிறார். ஆயில் காபி டிகாஷன் நிறத்தில் இருந்தது.

கடைசியாக டயரைத் தட்டினார். "பட்டன் நல்லாத்தான இருக்கு?" என்று கேட்டேன். டயரின் பக்கவாட்டில் முட்டை வடிவத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களை விரலால் காட்டினார். 2314. எனக்குப் புரியவில்லை. "இருபத்து மூணாவது வாரம், ரெண்டாயிரத்துப் பதினாலு" என்றார். பத்து வயதான டயர்! வாரம் 40 கி.மீ. ஓடும் வண்டியில் பட்டன் தேயாது. ஆனால் வெயிலிலும் காற்றிலும் ரப்பர் காய்ந்து கெட்டியாகிவிடும். வெளியே பார்த்தால் புதிது போல இருக்கும். நகத்தால் அழுத்தினால் மரக்கட்டை போல இருந்தது.

பிரேக் வண்டியை நிறுத்துவதில்லை

பேடும் டிஸ்க்கும் நிறுத்துவது சக்கரத்தை. வண்டியை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையே இருக்கும் பிடிப்பு. பிரேக்கை ஓங்கி அழுத்தினால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்றால், அந்த இடத்தில் பிரேக்கின் பலம் டயரின் பிடிப்பைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் எவ்வளவு பெரிய டிஸ்க் போட்டாலும் அந்த ஒரு நிறுத்தத்தில் தூரம் குறையாது. பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள கம்ப்யூட்டரில் புதிய பிராசசரைப் போடுவது போலத்தான். தகவல் வந்து சேர்கிற வேகத்தில்தானே பிராசசர் வேலை செய்ய முடியும்? அங்கே முதலில் போட வேண்டியது எஸ்.எஸ்.டி.

அப்படியானால் பெரிய டிஸ்க் எதற்கு? வெப்பத்துக்கு. ஓடும் வண்டியின் ஆற்றல் முழுவதையும் பிரேக் வெப்பமாக மாற்றுகிறது. ஆட்களோடு 900 கிலோ எடையுள்ள கார் 80 கி.மீ. வேகத்தில் போகும்போது அதனிடம் சுமார் 2.2 லட்சம் ஜூல் ஆற்றல் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பநிலையை 50 டிகிரிக்கு மேல் ஏற்றப் போதுமானது. 40 கி.மீ. வேகத்தில் இதில் கால் பங்குதான். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிறது. கொல்லிமலை, ஊட்டிச் சரிவுகளில் மீண்டும் மீண்டும் பிரேக் பிடிக்கும்போது வெப்பம் சேர்ந்துகொண்டே போய்ப் பேடின் உராய்வு குறையும். பெரிய டிஸ்க்கும் காற்று புகும் டிஸ்க்கும் அங்கே உதவும். ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்குப் போகும் சமவெளி ரோட்டில் அதற்கு வேலை இல்லை.

பிரேக் ஆயிலும் வெப்பத்தோடு சம்பந்தப்பட்டது. டாட் 3, டாட் 4 ஆயில்கள் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டவை. புதிய டாட் 3 குறைந்தபட்சம் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த எல்லை 140-க்கு இறங்கிவிடும். டாட் 4-க்கு இந்த அளவுகள் 230, 155. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ் உண்டாகும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவியை அழுத்தினால் சுருங்கும். எனவே பெடல் பஞ்சு போல உள்ளே போகும். டாட் 5 என்பது சிலிகான் வகை. எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை மற்றவற்றோடு கலந்துவிடாதீர்கள். உங்கள் வண்டியின் மூடியில் எந்த வகை எழுதியிருக்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

ஒன்றை மட்டும் பெரிதாக்கினால்

முன் சக்கரத்தில் மட்டும், அல்லது பின் சக்கரத்தில் மட்டும் பலத்தைக் கூட்டுவது ஆபத்து. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது. எனவே முன் பிரேக்குக்கு அதிகப் பங்கும், பின் பிரேக்குக்குக் குறைந்த பங்கும் வருமாறு கம்பெனியில் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் வண்டி பம்பரமாகச் சுழலும். காலிப்பரின் பிஸ்டனைப் பெரிதாக்கினால் அதை நகர்த்த அதிக ஆயில் வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் பழையதாகவே இருந்தால் பெடல் இன்னும் ஆழமாகப் போகும். ஒன்றை மாற்றினால் மற்றதையும் மாற்ற வேண்டிய சங்கிலி இது.

பேடிலும் இப்படித்தான். பேடின் ஓரத்தில் பெரும்பாலும் இரண்டு ஆங்கில எழுத்துகள் அச்சிடப்பட்டிருக்கும். முதல் எழுத்து சாதாரண வெப்பத்தில் உராய்வு, இரண்டாவது சூடான நிலையில் உராய்வு. இ என்றால் 0.25-லிருந்து 0.35 வரை, எப் என்றால் 0.35-லிருந்து 0.45 வரை, ஜி என்றால் 0.45-லிருந்து 0.55 வரை. பந்தயத்துக்கான பேடுகள் நன்றாகச் சூடான பிறகே பிடிக்கும். வீட்டிலிருந்து கிளம்பி முதல் தெருவில் மாடு குறுக்கே வந்தால் அவை சாதாரணப் பேடை விட மோசமாக நடந்துகொள்ளும்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே அளவில், அதே வகையில் நல்ல கம்பெனியின் பேடு, ஷூ, டயர் மாற்றுவது பராமரிப்பு. சக்கரம், காலிப்பர் எல்லாவற்றையும் வேறாக்குவது மாற்றம். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி கேட்கும் முதல் கேள்வி இதுவாக இருக்கலாம்.

வேற்றுக் கம்பெனி பாகம் என்றாலே மட்டம் என்றும் எண்ண வேண்டாம். கார் கம்பெனிகளுக்கே பிரேக் பாகங்கள் செய்து கொடுப்பவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். சென்னை பாடியில் உள்ள பிரேக்ஸ் இந்தியா 1962-ல் தொடங்கியது. அதே பாடியில் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974-ல் தொடங்கியது. இப்படிப்பட்டவர்களின் பாகங்களை அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் பில்லோடு வாங்கினால் பயமில்லை.

மூன்று அளவுகள்

அடுத்த இரண்டு நாளில் வேலையை இரண்டு கட்டமாகப் பிரித்தோம். எதனால் எவ்வளவு மாற்றம் என்று தெரிய வேண்டுமானால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றக் கூடாது. கம்ப்யூட்டரில் கோளாறு கண்டுபிடிக்கும்போதும் இதே விதிதான்.

முதல் கட்டம்: சரியான பார்ட் நம்பர் பார்த்து வாங்கிய முன் பேடு, பின் ஷூ, இரண்டு பின் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ்கள், புதிய ஆயில். பழைய தூசியை ஊதித் தள்ளாமல் ஈரத் துணியால் துடைக்கச் சொன்னேன். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அது நுரையீரலுக்குக் கேடு. புதிய பேடுகள் டிஸ்க்கோடு படிய, மெதுவான வேகத்தில் பல முறை மென்மையாகப் பிரேக் பிடித்து, இடையிடையே ஆறவிட்டோம். பிறகு அதே களம், அதே கோடு, அதே 30 கி.மீ. வேகம். பெடல் கல் போல நின்றது. ஆனால் முன் சக்கரம் பூட்டிக்கொண்டு கிறீச்சென்று வழுக்கியது. அளவு 5.3. நின்ற தூரம் ஆறரை மீட்டர். ஒரு மீட்டர்தான் லாபம்.

இரண்டாம் கட்டம்: கம்பெனி சொன்ன அதே அளவில், அதாவது 145/70 ஆர்12 அளவில், நான்கு புதிய டயர்கள். சுமார் பத்தாயிரம் ரூபாய் ஆனது. அளவு 7.1. நின்ற தூரம் ஐந்து மீட்டருக்கும் சற்றுக் குறைவு.

அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு, "டயர்லயாடா இருந்துச்சு!" என்றார்.

ஒர்க்ஷீட்டில் ஒரு பையனின் உயிர்

30 கி.மீ. வேகத்தில் இரண்டரை மீட்டர் வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம். 60 கி.மீ. வேகத்தில் என்ன ஆகும்? அதை ரோட்டில் சோதிக்கத் தேவையில்லை. எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், கூகுள் ஷீட்ஸ் எதிலும் நீங்களே கணக்கிடலாம்.

புதிய ஒர்க்ஷீட் ஒன்றைத் திறந்திடுங்கள். முதல் வரிசையில் தலைப்புகள். ஏ நெடுவரிசையில் வேகம், பி-யில் கண்ணால் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போக ஆகும் நொடி, சி-யில் ரோட்டுப் பிடிப்பு. இரண்டாம் வரிசையில் 60, 1, 0.7 என்று டைப் செய்திடுங்கள். இப்போது டி2 கட்டத்தில் கிளிக் செய்து இந்த பார்முலாவைக் கொடுங்கள். கட்டங்களின் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் டைப் செய்ய வேண்டும்.

=(ஏ2/3.6)*பி2+((ஏ2/3.6)^2)/(2*சி2*9.8)

என்டர் தட்டினால் சுமார் 37 என்று வரும். அதாவது உலர்ந்த ரோட்டில் நல்ல டயரோடு 60 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நிற்க மொத்தம் 37 மீட்டர். வேகத்தை 40 ஆக்கினால் 20 மீட்டர். 80 ஆக்கினால் 58 மீட்டர். இப்போது சி2-வில் மழை ரோட்டுக்காக 0.4 கொடுங்கள். 40-க்கு 27, 60-க்கு 52, 80-க்கு 85 மீட்டர் என்று ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் மூன்று மடங்குக்கு மேல் போவதைக் கண்ணால் பார்ப்பீர்கள். பி2-வில் 1-க்குப் பதில் 2 கொடுத்துப் பாருங்கள். மொபைலைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவரின் கணக்கு அது.

எங்கள் வண்டியின் எண்களையும் போட்டுப் பார்த்தேன். 60 கி.மீ. வேகத்தில், கால் பிரேக்கைத் தொட்ட பிறகு, பழைய நிலையில் நிற்க 30 மீட்டர். புதிய நிலையில் 20 மீட்டருக்குள். பத்து மீட்டர் லாபம் என்று எழுதி வைத்துவிட்டு, இன்னொரு கணக்கும் போட்டேன். புதிய நிலையில் வண்டி முழுதாக நின்றுவிடும் அதே இடத்தில், பழைய நிலையில் வண்டியின் வேகம் என்ன? விடை: மணிக்கு சுமார் 36 கி.மீ.

அந்த எண்ணைப் பார்த்து வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். நால்ரோட்டில் பையன் தப்பியது பிரேக்கால் அல்ல, ரோட்டோர மண்ணால். நான் அந்தப் பதினெட்டாயிரம் ரூபாய் கிட்டை எப்படியாவது மாட்டி, டயரைத் தொடாமல் விட்டிருந்தால், "பிரேக் மாத்தியாச்சு" என்ற தைரியத்தில் அப்பா இன்னும் வேகமாக ஓட்டியிருப்பார்.

ஏ.பி.எஸ். என்ற கம்ப்யூட்டர்

"ஏ.பி.எஸ். போட்டுவிட வேண்டியதுதானே?" என்று அலுவலக நண்பர் கேட்டார். ஏ.பி.எஸ். என்பது பிரேக்குக்குள் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர். ஒவ்வொரு சக்கரத்திலும் உள்ள சென்சார் அது சுழலும் வேகத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கும். ஒரு சக்கரம் பூட்டப் போகிறது என்று தெரிந்தால், கண்ட்ரோல் யூனிட் வால்வைத் திறந்து அந்தச் சக்கரத்தின் ஆயில் அழுத்தத்தைக் குறைத்து, உடனே மறுபடி கூட்டும். ஒரு நொடிக்குள் பல முறை இது நடக்கும். சக்கரம் சுழன்றுகொண்டே இருப்பதால் பிரேக் பிடித்தபடியே ஸ்டியரிங்கைத் திருப்பி விலகிப் போகலாம். பாஷ் நிறுவனத்தின் எலெக்ட்ரானிக் ஏ.பி.எஸ். 1978-ல் மெர்சிடிஸ் பென்ஸ் காரில் வந்தது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களில் இது கட்டாயம்.

ஆனால் இதைக் கடையில் வாங்கிப் பழைய காரில் மாட்ட முடியாது. சென்சார், வால்வு, பம்ப், அந்த வண்டியின் எடைக்கும் சக்கரத்துக்கும் ஏற்ப எழுதிய சாப்ட்வேர் எல்லாம் சேர்ந்துதான் ஏ.பி.எஸ். உங்கள் காரில் ஏற்கனவே இருந்தால், டேஷ்போர்டில் அதன் விளக்கு அணையாமல் எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அந்தக் கம்ப்யூட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஏ.பி.எஸ். இருந்தாலும் டயரின் பிடிப்புக்குள்தான் அது விளையாட முடியும்.

ஆன்லைனில் பாகம் வாங்கும் முன்

போலிப் பேடுக்குக் கொடுத்த பணம் எனக்குத் திரும்பி வந்தது. பார்சலைப் பிரித்தபோது போட்டோ எடுத்து வைத்திருந்தேன். விற்பனையாளர் பதில் சொல்லாததால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் செய்தேன். மூன்று வாரத்தில் பணம் வந்தது. கார் பாகமானாலும், உங்கள் கம்ப்யூட்டருக்கு ராம் வாங்கினாலும் கீழே உள்ளவை பொருந்தும்.

1. மாடல் பெயரைக் கொடுத்துத் தேடாதீர்கள். பழைய பாகத்திலோ, கம்பெனியின் பாகப் பட்டியலிலோ உள்ள பார்ட் நம்பரைக் கண்டுபிடித்து, அதை இரட்டை மேற்கோள் குறிக்குள் டைப் செய்து தேடுங்கள். அந்த எண் அப்படியே உள்ள பக்கங்கள் முன்னால் வரும்.

2. உங்கள் வண்டியின் ஓனர்ஸ் மேனுவலை பி.டி.எப். பைலாகக் கம்பெனியின் தளத்திலிருந்து டவுன்லோட் செய்து தனி போல்டரில் வையுங்கள். கண்ட்ரோல், எப் கீகளைச் சேர்த்து அழுத்தினால் அதற்குள் வேண்டிய சொல்லைத் தேடலாம். ஏ.ஐ. சாட் சொல்லும் அளவுகளையும் இந்த மேனுவலோடு ஒப்பிட்ட பிறகே நம்புங்கள்.

3. விற்பவர் பெயர், முகவரி, பொருள் தயாரான நாடு ஆகியவை தளத்தில் இருக்க வேண்டும் என்று 2020-ம் ஆண்டு இ-காமர்ஸ் விதிகள் சொல்கின்றன. இல்லையென்றால் விலகிவிடுங்கள்.

4. நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். ஒரு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள்.

5. ஆர்டர் பக்கத்தை ஸ்கிரீன் ஷாட் எடுங்கள். பில்லை சேவ் செய்திடுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். பெட்டியில் உள்ள க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்தால் கம்பெனியின் சொந்தத் தளத்துக்குத்தான் போகிறதா என்று அட்ரஸ் பாரில் பாருங்கள். பணமே மோசடியாகப் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-க்கு அழையுங்கள்.

6. வாங்கிய பிரேக் பாகத்தை நீங்களே மாட்டிப் பார்க்க வேண்டாம். ராம் தவறாகப் போட்டால் பீப் சத்தம் வரும், அவ்வளவுதான். பிரேக் தவறாக மாட்டினால் எந்தச் சத்தமும் வராது.

இன்னும் ஒன்று. கூகுள் காலண்டரில் அப்பாவின் பெயரில் இரண்டு நினைவூட்டல்கள் போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பிரேக் ஆயில் மாற்ற ஒன்று. டயரின் வயதைப் பார்க்க வருடத்துக்கு ஒன்று.

இந்த ஞாயிற்றுக்கிழமை கம்ப்யூட்டர் முன் உட்காருவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். வாசலில் நிற்கும் உங்கள் காரின், பைக்கின் டயரில் அந்த நான்கு இலக்கங்களைத் தேடிப் பாருங்கள். பிறகு உள்ளே வந்து அந்த பார்முலாவை டைப் செய்திடுங்கள். அம்மா இப்போதும் வாரம் ஒரு முறை அந்த மாருதியில்தான் புதுக்கோட்டைக்குப் போய் வருகிறார். நால்ரோடு வரும்போது அப்பா முன்பை விட மெதுவாகப் போகிறாராம். அந்த ஒர்க்ஷீட்டைப் பிரிண்ட் எடுத்துக் கடையில் கல்லாப் பெட்டிக்கு மேல் ஒட்டி வைத்திருக்கிறார்.